கட்டுப்பாட்டுக் கோட்பாடு: பேராசிரியர் பணியா, நிறுவன ஆய்வகமா?

இயந்திரங்களும் அமைப்புகளும் தாமாகவே சீராக இயங்கவைக்கும் இந்தத் துறையில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இரண்டுக்கும் நடுவில் தவிப்பவர்களுக்கு.

ஆய்வுக் கேள்வி யாருடையது?
ஆய்வகம்: நிறுவனத்துடையது. அது குறையல்ல. பின்னூட்டப் பெருக்கிகள் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பும் மின்கருவிகள்) நிலைகுலைந்த சிக்கலிலிருந்துதான், ஓர் அமைப்பு நிலையாக இருக்குமா என்று சோதிக்கும் நைக்விஸ்ட்டின் நிலைப்புத்தன்மை விதி 1932இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி&டியில் பிறந்தது.
பல்கலைக்கழகம்: உங்களுடையது. பெர்க்லி மின்பொறியியல் பேராசிரியர் லட்ஃபி சாதே 1965இல் ஃபஸி கணங்களை (ஓர் உறுப்பு ஓரளவு மட்டும் சேர்ந்திருக்கக்கூடிய கணங்களை) முன்வைத்தார். துறைக்குள்ளேயே பலர் முகம் சுளித்தார்கள். அவர் அசரவில்லை.

சம்பளம்: பெரும்பாலும் ஆய்வகமே.

நேரம்: பேராசிரியருக்கு வகுப்பு, விடைத்தாள், நிதி விண்ணப்பம் போக மிஞ்சுவதுதான் ஆராய்ச்சி.

இயந்திரம் ஓடுவதைப் பார்க்க ஆசையா? ஆய்வகம். தேற்றமும் மாணவர்களும் வேண்டுமா? பல்கலைக்கழகம். பிறகு மாறவும் வழியுண்டு: அமைப்பு வெவ்வேறு அதிர்வெண்களுக்கு எப்படி எதிர்வினை தருகிறது என்று காட்டும் ‘போடே வரைபடத்தால்’ பெயர்பெற்ற ஹென்ட்ரிக் போடே, ஏடி&டியின் பெல் ஆய்வகத்தில் ஓய்வு பெற்று 1967இல் ஹார்வர்டு பேராசிரியரானார்.