அனாபொலிஸில் முதல் வருஷம்: பாடத்தைத் தாண்டுவதா, முதலிலிருந்து படிப்பதா?

மேரிலாந்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்கு அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் இடம் கிடைத்திருக்கிறது. வாழ்த்துச் சொல்லப் போன இடத்தில் அவளுடைய அப்பா கேட்ட முதல் கேள்வி: "பள்ளிக்கூடத்துலயே ஏ.பி. கால்குலஸ் முடிச்சுட்டா. அதைக் காட்டி எத்தனை பாடத்தைக் கழிச்சுக்கலாம்?"

ஏ.பி. என்பது பள்ளியிலேயே படித்து எழுதும் கல்லூரித் தரத் தேர்வு. வேறு எந்த அமெரிக்கக் கல்லூரியாக இருந்தாலும் இது நியாயமான கேள்வி. ஒரு பாடம் கழிந்தால் அதற்கான கட்டணம் மிச்சம். நாலைந்து கழிந்தால் ஒரு செமஸ்டரே மிச்சம். அனாபொலிஸில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கட்டணமே கிடையாது, மாதாமாதம் அவர்கள்தான் மாணவருக்குச் சம்பளம் மாதிரி ஒரு தொகை தருகிறார்கள். எத்தனை பாடம் கழிந்தாலும் நாலு வருஷம், எட்டு செமஸ்டர் இருந்தே ஆகவேண்டும். மிச்சம் பிடிக்க அங்கே இருப்பது நேரம் ஒன்றுதான். அதனால் முதல் வருஷத்தில் எதிரே வந்து நிற்கும் ஒவ்வொரு 'இதுவா, அதுவா'வையும் நேரத்தை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

முதல் வருஷத்துக்காரர்களுக்கு அங்கே பிளீப் என்று பெயர். ஜூன் கடைசி வாக்கில் உள்ளே போய், ஆறேழு வாரம் பிளீப் சம்மர் என்கிற பயிற்சியில் வதங்கி, ஆகஸ்டில் வகுப்புக்கு வருவார்கள். வந்த பிறகும் மற்ற கல்லூரிப் பிள்ளைகளைப் போல இருக்க முடியாது. காலையில் சாப்பாட்டுக்கு முன் மேல்வகுப்பு அறை வாசலில் நின்று அன்றைய சாப்பாட்டு விவரத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். 'ரீஃப் பாயின்ட்ஸ்' என்ற கைப்புத்தகத்திலிருந்து கேட்ட இடத்தில் ஒப்பிக்க வேண்டும். மதியத்துக்கு முன் நாலு பீரியட், பின்னால் இரண்டு, அதற்கப்புறம் விளையாட்டு. படிப்புக்கென்று ஒதுக்கியது இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை. அந்த மூன்று மணி நேரத்திலும் மறுநாள் ஒப்பிக்க வேண்டியதும், துடைக்க வேண்டிய ஷூவும் பங்கு கேட்கும்.

இந்த மூன்று மணி நேரத்துக்குள் என்னென்ன பாடம்? கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், கால்குலஸ், ஆங்கிலம், அமெரிக்க அரசியலமைப்பு, கடற்படை வரலாறு, சைபர் பாதுகாப்பு, தலைமைப் பண்பு. அனேகமாக எல்லோருக்கும் இதே பட்டியல்தான். முதல் வருஷத்தில் இஷ்டப்பாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு தேர்வு எங்கே வருகிறது என்றால், எந்தப் படியிலிருந்து ஏறுவது என்பதில் வருகிறது.

தாண்டுவது ஒரு பக்கம், முதல் படி மறுபக்கம்

ஒரு பாடத்தை ஏற்கெனவே தெரியும் என்று நிரூபித்துத் தாண்டிப் போவதற்கு அங்கே வேலிடேஷன் என்று பெயர். ஏ.பி. மதிப்பெண் உதவும். அகாடமியே தேர்வும் வைக்கிறது. எப்போது வைக்கிறது என்பதுதான் வேடிக்கை: பிளீப் சம்மரின் நடுவில். விடியற்காலை உடற்பயிற்சி, நாள் முழுக்க அதட்டல், தூக்கம் போதாத கண். அந்த நிலையில் ஹாலில் உட்கார வைத்து கணிதத் தாளைக் கொடுப்பார்கள். அங்கே நன்றாக எழுதிவிட்டால் நிஜமாகவே தெரியும் என்று அர்த்தம். சுமாராக எழுதினால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை. பாதி தூக்கம் எழுதியது என்று விட்டுவிடலாம்.

எல்லாப் பாடத்தையும் தாண்டுவது ஒரே மாதிரி இல்லை. இங்கேதான் பெற்றோர்கள் கோட்டை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு பாடம் பிறகு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும்.

கெமிஸ்ட்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷத்தில் பிளீப்களைப் பிழிந்தெடுக்கும் பாடம் அது. ஆனால் கெமிஸ்ட்ரியையே மேஜராக, அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடமாக எடுப்பவர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அது முதல் வருஷத்தோடு பெரும்பாலும் முடிந்துபோகிறது. பின்னால் வரும் பாடங்கள் அதன் தோளில் ஏறி நிற்பதில்லை. ஆகவே தாண்ட முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு தாண்டலாம். அஸ்திவாரம் கொஞ்சம் ஆடினாலும் மேலே மாடி இல்லை.

கால்குலஸ் நேர் எதிர். முதல் கால்குலஸ், இரண்டாவது, மூன்றாவது என்று போய், மேஜரைப் பொறுத்து டிஃபரன்ஷியல் சமன்பாடுகளோ புள்ளியியலோ வரும். இரண்டாம் வருஷ இயற்பியல் அதன் மேல் நிற்கிறது. பொறியியல் எடுத்தால் டைனமிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், மின்பொறியியல் எல்லாம் அதன் மேல்தான். இங்கே அரைகுறையாகத் தாண்டினால் வட்டி மூன்று வருஷத்துக்கு ஓடும். இரண்டு கால்குலஸையும் தாண்டிய பிளீப் முதல் செமஸ்டரிலேயே மூன்றாவதில் உட்காருவார். கூட உட்காருபவர்கள் நன்றாகத் தெரிந்தவர்களாக இருப்பார்கள், வகுப்பு அந்த வேகத்தில் போகும்.

அதற்காக முதலிலிருந்து படிப்பதுதான் பாதுகாப்பு என்றும் சொல்ல மாட்டேன். தெரிந்த பாடத்தில் உட்கார்ந்தால் முதல் ஆறு வாரம் ஊஞ்சல் மாதிரி இருக்கும். "இதெல்லாம் பார்த்ததுதானே" என்று புத்தகத்தைத் திறக்காமல் இருந்துவிட்டு, தெரியாத இடம் வரும்போது படிக்கும் பழக்கமே போயிருக்கும். அங்கே ஆறாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் மதிப்பெண் போடுவார்கள். முதலாவதைப் பார்த்து ஏமாறுவது எளிது.

அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த சோதனை இது. வெள்ளைத் தாள், பேனா, கால்குலேட்டர் கிடையாது. கூம்பு வடிவத் தொட்டி, கூர் முனை கீழே. நிமிடத்துக்கு இவ்வளவு தண்ணீர் விழுகிறது. தண்ணீர் 3 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது மட்டம் என்ன வேகத்தில் ஏறும்? படம் வரைந்து, ஆரத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைத் தானாகவே எழுதினாள் என்றால் முதல் கால்குலஸைத் தாராளமாகத் தாண்டலாம். "இதுக்கு ஃபார்முலா என்ன அங்கிள்?" என்று கேட்டால் கூடாது. அவள் கேட்கவில்லை. அடுத்து இரண்டாவது கால்குலஸில் வரும் டெய்லர் தொடர் ஒன்றைக் கேட்டேன். பெயர் தெரிந்தது, நாலு உறுப்புவரை எழுதவும் வந்தது. ஏன் அது ஒருங்குகிறது என்று கேட்டபோது சிரித்தாள். ஆக, ஒன்றைத் தாண்டி, இரண்டாவதில் உட்காருவது. அப்பாவுக்கு அரை மனசு. ஏ.பி.யில் ஐந்துக்கு ஐந்து வாங்கிய பிள்ளை.

ஆங்கிலம் தாண்ட முடிந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. வாரத்தில் மூன்று மணி நேரம் யாரும் அதட்டாத இடம் பிளீபுக்கு வேண்டும்தான்.

தாண்டியதால் கிடைத்த இடத்தை என்ன செய்வது என்று தெரியாவிட்டால் தாண்டியே பிரயோஜனமில்லை. மொழி ஒன்றை முன்கூட்டியே தொடங்கலாம். அரபு, சீனம், ரஷ்யன், ஜப்பானிய மொழி எல்லாம் இருக்கின்றன. நாலாம் வருஷத்தில் 1963 முதல் நடக்கும் டிரைடன்ட் ஸ்காலர் திட்டத்தில் தனி ஆராய்ச்சி செய்யலாம். கடைசி செமஸ்டரில் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்தைத் தொடங்குபவர்களும் உண்டு. அவர்களில் பலர் முதல் வருஷத்திலேயே இரண்டு மூன்று பாடத்தைக் கழித்து இடம் பிடித்து வைத்தவர்கள். நாலு வருஷத்துக்கும் என்ன பாடம், எந்த செமஸ்டர் என்று எட்டுக் கட்டமாகப் போட்ட அட்டவணைக்கு அங்கே மேட்ரிக்ஸ் என்பார்கள். அதைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். பொறியியல் மேட்ரிக்ஸில் மூச்சு விட இடமில்லை. ஒரு கட்டம் காலியானால் அது பொக்கிஷம்.

யாரைக் கேட்பது

பிளீப் ஒவ்வொருவருக்கும் ஆசிரியர்களில் ஒருவரை அட்வைசராகப் போடுகிறார்கள். அவர் எந்தத் துறையிலிருந்தும் வரலாம். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் உங்கள் கால்குலஸ் முடிவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேஜர் எடுத்த பிறகுதான் அந்தத் துறைக்காரர் வருவார். இன்னொரு பக்கம், அதே தளத்தில் இருக்கும் மேல்வகுப்புக்காரர். நாலாம் வருஷத்தவரை ஃபர்ஸ்டீ என்பார்கள். எந்த ஆசிரியர் கடினம், எந்தத் தேர்வு மோசம் என்று அவருக்குத் தெரியாதது இல்லை.

இரண்டு பேரில் யார் என்றால்: விதி, மேட்ரிக்ஸ், தேதி எல்லாம் அட்வைசரிடம். ஒரு வாரத்தை எப்படி ஓட்டுவது என்பது ஃபர்ஸ்டீயிடம். ஃபர்ஸ்டீ சொல்லும் "அந்த மேஜர் வேண்டாம், செத்துருவே" என்பதை மட்டும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அவர் செத்த கதையைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

பாடம் புரியாதபோது

மூன்று வழி. ஆசிரியரிடமே போய்த் தனியாகக் கேட்பது, அதை ஈ.ஐ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மேல்வகுப்பு மாணவர் ஒருவர் இரவில் ஒரு கூட்டத்துக்குச் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டுவது, அது எம்.ஜி.எஸ்.பி. மூன்றாவது, கௌஜ்.

கௌஜ் என்பது கடற்படைப் பேச்சு வழக்கு. உள்விவரம், பழைய குறிப்பு, முன்னால் எழுதியவர் விட்டுச்சென்ற தடயம் எல்லாம் கௌஜ். நம் ஊரில் ஐந்து வருஷக் கேள்வித்தாளைப் புரட்டுவது போலத்தான் தொடங்கும். ஆசிரியரே கொடுத்த பழைய தாள் என்றால் தப்பே இல்லை. எங்கே கோடு தாண்டுகிறது என்பதற்கு 1992 டிசம்பர் மின்பொறியியல் தேர்வு போதும். தாள் முன்கூட்டியே வெளியே வந்தது. விசாரணை 1994 வரை இழுத்து, 24 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 2020 டிசம்பரில் இணையவழி இயற்பியல் தேர்வில் மறுபடி; அதில் 18 பேர் போனார்கள். பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே என்பதுதான் அங்கே கௌரவ நெறி. ஒரு பாடத்தில் தோற்றால் திரும்ப எழுத வழியுண்டு. இதில் தோற்றால் வீட்டுக்கே அனுப்பிவிடலாம்.

மற்ற இரண்டில் எனக்கு ஈ.ஐ.தான். வகுப்பு சின்னது, ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். போய் நின்றால் அவருக்கு உங்கள் முகம் தெரியும். படிப்பில் தடுமாறுபவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்யும் அகாடமிக் போர்டு முன்னால் ஒரு மாணவர் பெயர் வரும்போது "இந்தப் பிள்ளை வாராவாரம் வந்தது" என்று சொல்ல ஒரு ஆள் இருப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் ஈ.ஐ.க்குப் பகலில் காலி பீரியட் வேண்டும், கேள்வியோடு போகவும் வேண்டும். "ஒண்ணுமே புரியல சார்" என்று போனால் பதினைந்து நிமிஷம் வீண். அந்த நிலையில் எம்.ஜி.எஸ்.பி. மேல்: கேள்வியே இல்லாதவரும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

மேஜர்: பொறியியலா, மற்றதா

பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர் 1946-ல் பட்டம் வாங்கிய காலத்தில் இந்தத் தலைவலி கிடையாது. எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், வெளிநாட்டு மொழியை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். அவர் ஸ்பானிஷ் எடுத்தார். இப்போது சுமார் 25 மேஜர், மூன்று குழுவாக: பொறியியல், கணிதம்-அறிவியல், மானுடக் கலைகள்-சமூக அறிவியல். முதல் வருஷ வசந்த காலத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும்.

வெளியாட்களுக்கு விளங்காத ஒன்று: ஆங்கில இலக்கியம் எடுத்தாலும் கிடைப்பது பி.எஸ்., அறிவியல் பட்டம்தான். கப்பல் பொறியியலும் மின்பொறியியலும் அவரும் படித்தே தீரவேண்டும். அதனால் 'எளிதான மேஜர்' என்று ஒன்று அங்கே இருப்பதாக நான் நம்பவில்லை. கணக்கு வராதவர் வரலாறு எடுத்துத் தப்பிக்கலாம் என்றால் மின்பொறியியல் வாசலில் காத்திருக்கும்.

அணுசக்திக் கப்பலுக்குப் போக ஆசைப்படுபவர் பொறியியல்தான் எடுக்க வேண்டும் என்பதும் பாதி உண்மை. ஒரு வருஷ கால்குலஸ், ஒரு வருஷ இயற்பியல், இரண்டிலும் நல்ல மதிப்பெண் இருந்தால் இலக்கியக்காரரும் போகலாம். அணுசக்திக் கடற்படையை உருவாக்கிய ரிக்கோவர் அட்மிரல் ஆரம்பித்து வைத்த நேர்முகத் தேர்வைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். சுனிதா வில்லியம்ஸ் 1987-ல் இங்கிருந்து வாங்கியது பிசிக்கல் சயின்ஸ் பட்டம். ஜெட் கேட்டவருக்கு ஹெலிகாப்டர்தான் கிடைத்தது, அப்புறம் விண்வெளி வரைக்கும் போனார். பின்னாளில் செனட்டரான ஜான் மெக்கேன் 1958-ல் தர வரிசையில் 899 பேரில் 894-ஆவது. அதை உதாரணமாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அட்மிரல்கள்.

சந்தேகத்தில் இருப்பவருக்கு என் யோசனை: பொறியியல் பக்கமே மேட்ரிக்ஸைப் போட்டுவைக்கலாம். அங்கிருந்து வரலாற்றுக்கு இறங்குவது இரண்டாம் வருஷத்திலும் முடியும். கீழிருந்து பொறியியலுக்கு ஏறுவது அதற்குள் கிட்டத்தட்ட முடியாத காரியம். அதோடு, மூன்றாம் வருஷ வகுப்பு தொடங்கும்வரை ராணுவக் கடமை இல்லாமலே விலகலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். அதற்கப்புறம் விலகினால் கணக்கு வேறு, முடித்தால் குறைந்தது ஐந்து வருஷ சேவை.

பேசி முடித்தபோது அப்பா, "அப்ப மேஜர் என்னன்னு இப்பவே முடிவு பண்ணிடலாமா?" என்றார். மார்ச் வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். அவள் அதற்குள் ஒரு தாளில் எட்டுக் கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் 'கால்குலஸ் இரண்டு' என்று பென்சிலில் எழுதியிருந்தாள். கெமிஸ்ட்ரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.