காய்கறிப் பாத்திக்கும் பந்தலுக்கும் எந்த மரம்?

மரக்கடைக்குப் போனால் "எது ரொம்ப நாள் வரும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். பாத்தியில் விளையும் கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகிறோம். பாத்தி ஓரத்தில் நிறுத்தும் பலகையிலிருந்து மண்ணில் என்ன இறங்கும் என்றும் கேட்க வேண்டும்.

பந்தல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது சவுக்கு. நேராக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். புடலை, பீர்க்கன் கொடியைத் தாங்க மேலே குறுக்காகக் கட்டுவதற்கு அருமையானது. கால் நட்டால்தான் தொல்லை. மூங்கிலும் அப்படியே; மண்ணுக்குள் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் நம்ப முடியாது. இரண்டும் முதலில் உளுத்துப்போவது மண்மட்டத்தில், ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில். அங்கே மண்ணை நாலு விரல் ஆழம் விலக்கிக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். மேலே கெட்டியாக நிற்கிற கம்பில்கூடக் கத்தி சுலபமாக இறங்கிவிடும்.

பனை வேறு ரகம். முற்றிய பனையின் வெளிப்பக்கம் கறுத்த நார் நிறைந்த வைரம், அதாவது கெட்டியான பாகம்; நடுவில் மெத்தென்ற சோறு. வெளிப்பக்கச் சட்டமாகப் பார்த்து வாங்க வேண்டும். தேக்கிலும் வைரத்துக்குத்தான் ஆயுள். மங்கிய நிறத்தில் வெளிறு (வைரம் பாயாத வெளிப்பக்க மரம்) கலந்த பலகையைக் கரையான் விடாது. வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் பழைய தேக்கு நல்ல தேர்வு. பெயின்ட் அடித்தது மட்டும் வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

அப்புறம் மருந்தேற்றிய மரம். செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை 1933-இல் உருவாக்கியவர் சொண்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி. மரத்தைக் காப்பதில் அது கெட்டிக்கார மருந்துதான். ஆனால் அதிலுள்ள ஆர்சனிக் என்ற நஞ்சு மண்ணில் கசியும். அமெரிக்காவில் 2003 இறுதியோடு பெரும்பாலான வீட்டு உபயோக மரங்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறிய பழைய ரயில்வே கட்டையும் காய்கறிப் பக்கம் வரக்கூடாது. கரையானுக்குப் பயந்து கம்பின் அடியில் வண்டியின் கழிவு ஆயிலைப் பூசும் பழக்கம் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஆயிலில் கன உலோகங்கள் இருக்கின்றன.

சரக்குப் பெட்டிப் பலகை கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள்: எச்டி (HT) என்றால் சூடேற்றியது, பயன்படுத்தலாம், எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, வேண்டாம்.

என்னைக் கேட்டால் பந்தல் காலுக்குக் கல்தூண் அல்லது பனை, மேலே சவுக்கு, பாத்தி ஓரத்துக்குப் பழைய தேக்கு. கல்லும் பனையும் கட்டுப்படியாகாதவர்கள் சவுக்குக் காலையே போடலாம். அதை மண்ணில் புதைக்காமல் சிமென்ட் கட்டைமேல் நிறுத்தி, இரும்புப் பட்டையால் முடுக்கிவிட வேண்டும்.