ஸ்டார் ட்ரெக்: 1979 படமா, 2009 படமா?

"சீரியல் பார்த்ததில்லை, எந்தப் படத்தில் தொடங்கட்டும்?" என்று கேட்பவர்களுக்காக இது. 1966 முதல் 1969 வரை 79 எபிசோடு ஓடிய அமெரிக்க விண்வெளி டிவி தொடர், இருவேறு வழியில் பெரிய திரைக்கு வந்தது.

நடிகர்கள்
1979: விண்கப்பல் கேப்டன் கிர்க்காக ஷாட்னர், அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்காக நிமாய் என அதே பழைய ஆட்கள், பத்து வயது கூடி.
2009: இளம் கிர்க்காக கிறிஸ் பைன், இளம் ஸ்பாக்காக சக்கரி க்வின்டோ. வயதான ஸ்பாக்காக நிமாயும் வருகிறார். காலக்கோடு கிளை பிரிந்ததாகக் கதை கட்டியதால் பழைய தொடருக்குச் சேதாரமில்லை. கெட்டிக்கார வேலை!

செலவு
1979: சுமார் 4.4 கோடி டாலர். புது டிவி தொடராகத் தொடங்கிய வேலை, பாதியில் படமாக மாறியது.
2009: சுமார் 15 கோடி. இருந்தும் எஞ்சின் அறையை ஒரு பீர் ஆலையில்தான் எடுத்தார்கள். குழாய்களே காட்டிக்கொடுத்துவிடும்.

வேகம்
1979: புதுப்பித்த கப்பலைக் கிர்க் முதன்முதலாகப் பார்க்கிறார். சின்ன வண்டியில் அதைச் சுற்றி வருகிறார், நிமிடக்கணக்கில். பேச்சு ஏறக்குறைய இல்லை. ஜெரி கோல்ட்ஸ்மித்தின் இசைதான். பழைய ரசிகருக்குக் கண் கலங்கும். புதியவர் போனை எடுத்துவிடுவார்.
2009: மூச்சுவிட நேரமில்லை. லென்ஸில் தெறிக்கும் வெளிச்சம்தான் கண்ணைக் குத்தும்.

பிள்ளைகளோடு பார்ப்பதென்றால், சீரியலே தெரியாதென்றால், 2009. பத்து எபிசோடாவது பார்த்து கிர்க்கும் ஸ்பாக்கும் பழகிப்போனவருக்கு 1979. ராத்திரியில், நல்ல ஸ்பீக்கரோடு. 2022-இல் புதுப்பித்து வந்த இயக்குநர் பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.