ஸ்டிக்கைச் சரிபண்ணியாச்சு, இன்னும் குப்புறத்தான் விழுகிறேன்

மார்த்தாண்டத்திலிருந்து மைத்துனன் கேட்டிருக்கிறான்: "அத்தான், ஐஎல்-2 விலை குறைஞ்சு கிடக்கு, வாங்கட்டா?" ஐஎல்-2 என்றால் இரண்டாம் உலகப் போர் விமானங்களை ஓட்டிச் சண்டை போடுகிற கம்ப்யூட்டர் கேம். ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் ஜாய்ஸ்டிக்கை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அதன் கிரேட் பேட்டில்ஸ் வரிசையில் ஸ்டாலின்கிராட், குபான், போடன்பிளாட்டே என்ற மூன்று பாகங்களையும் வாங்கி மூன்று வருஷமாகிறது. கிராபிக்ஸ், எந்த கார்டில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடும் என்பதெல்லாம் ஊரே எழுதியாச்சு. சண்டையும் நன்றாகத்தான் இருக்கிறது. நான் சொல்ல வருவது சண்டை முடிந்து திரும்பி வருகிற அந்தக் கடைசி இரண்டு நிமிஷம். நாற்பது நிமிஷம் பறந்து, ஒருத்தனைச் சுட்டு, இரண்டு பேரிடம் தப்பி, இறக்கையில் ஓட்டையோடு ஊர் வந்து சேர்ந்து, ஓடுபாதையில் தலைகுப்புறக் கிடப்பது. இது எனக்கு வாரம் இரண்டு முறையாவது நடக்கிறது.

எங்கள் கூட்டத்தில் நாலு பேர். நான் நாகர்கோவில், ஒருத்தன் தக்கலை, ஒருத்தன் முட்டம், இன்னொருத்தன் குவைத்து. குவைத்துக்காரனுக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால் இங்கே ராத்திரி பத்து மணிக்குத்தான் ஆட்டம் தொடங்கும். ஒருநாள் அவன் எனக்கு முன்னால் இறங்கினான். அழகான இறக்கம். அந்தச் சந்தோஷத்தில் ஓடுபாதை நடுவிலேயே விமானத்தை நிறுத்திவிட்டு, "பத்திரமா வந்துட்டேன் மக்களே" என்று சாட்டில் தட்டிக்கொண்டிருந்தான். நான் ஓட்டுவது 109 என்கிற ஜெர்மன் போர் விமானம். அதற்கு மூக்கு நீளம், இறங்கும்போது முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. நேராக அவன் முதுகில் ஏறினேன்.

"லேய், கண்ணு தெரியாதாலே உனக்கு?"

"நடுரோட்டுல வண்டிய நிப்பாட்டிட்டு கடிதாசி எழுதினா யாருக்குலே தெரியும்?"

தக்கலைக்காரன் மேலே வட்டமடித்து எங்கள் இருவரின் புகையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்துக்கொண்டே கொட்டகையில் போய் மோதினான்.

எட்டு மாசமாக என் இறக்கங்கள் எல்லாவற்றுக்கும் நான் குற்றம் சாட்டியது ஸ்டிக்கை. திருகினால் ரட்டர், அதாவது வாலில் இருந்து மூக்கை இடம் வலம் திருப்புகிற பலகை, அசைகிற மாடல். தரையைத் தொடுகிற நேரம் பார்த்து அந்த அச்சு தானாகத் துள்ளும், விமானம் பக்கவாட்டில் சாடும். கோட்டாறு பக்கம் மிக்சி, டிவி ரிமோட் எல்லாம் பார்க்கிற ஓர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னது தம்பி, கிரேன் ஓட்டுகதா?"

"இல்ல அண்ணாச்சி, பிளேன்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அடியில் நாலு ஸ்குரூ கழற்றி, உள்ளே கட்டைவிரல் நகம் அளவு பொட்டென்ஷியோமீட்டரை எடுத்துக் காட்டினார். பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அதே சாமான், அதே வியாதி. கார்பன் தடத்தின்மேல் ஒரு சின்னத் தகடு உரசி உரசி, தடம் தேய்ந்து, கரித்தூள் அடைந்துவிடுகிறது. காது குடைகிற பஞ்சுக் குச்சியில் கான்டாக்ட் கிளீனரை நனைத்துத் துடைத்தார். பஞ்சு கறுத்துப்போய் வந்தது. நூற்றைம்பது ரூபாய். (காசு இருப்பவர்கள் ஹால் சென்சார் வைத்த ஸ்டிக் வாங்குங்கள். அதில் காந்தம்தான் வேலை செய்கிறது, உரசல் கிடையாது, தேய்மானமும் கிடையாது.)

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஸ்டிக் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. ஒரு துள்ளல் இல்லை. இங்கேதான் வினை. ரிப்பேருக்கு முன்னால் ஒரு நோட்டில் கணக்கு எழுதி வைத்திருந்தேன்: 20 இறக்கத்தில் 11 உடைசல். ரிப்பேருக்குப் பிறகு 20-க்கு 12. நூற்றைம்பது ரூபாய் கொடுத்து நான் வாங்கி வந்தது எனக்கிருந்த ஒரே சாக்கின் சாவு.

நியாயமாகப் பேசினால், 109-ஐ இறக்குவது யாருக்கும் லேசு இல்லை. அதன் சக்கரக் கால்கள் இறக்கையில் இல்லை, உடம்பில் மாட்டியிருக்கிறது. இறக்கைகளைக் கழற்றினாலும் உடம்பு தன் காலிலேயே நிற்கும், கொண்டுபோக வசதி. அதற்குக் கொடுத்த விலை, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இடம் குறுகிப்போனது. அதோடு, வால்சக்கரம் வைத்த விமானங்களுக்கெல்லாம் எடை முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். சைக்கிள் கேரியரில் இரண்டு வாழைக்குலையைக் கட்டிக்கொண்டு வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போகிறவர் வளைவில் சடக்கென்று பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். அதேதான். வால்சக்கரத்தைப் பூட்டி, ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்து வைத்து, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் போகவேண்டும். பயந்து அழுத்தினால் மூக்கு தரையில் குத்தி வால் வானத்தைப் பார்க்கும். சாமி கும்பிடுகிற மாதிரி அப்படியே நிற்கும், கீழேயும் விழாது.

இதே போடன்பிளாட்டேயில் பி-47 என்ற அமெரிக்கப் போர் விமானம் இருக்கிறது. அகலக் கால், மாட்டுவண்டி மாதிரி உட்காரும். அதை எடுத்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் எடுக்க மாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

பனி இன்னொரு தொல்லை. ஸ்டாலின்கிராட் குளிர்கால மேப்பில் எல்லாமே வெள்ளை. மே மாசம், ஃபேன் சுழல்கிறது, நான் பனியன்கூடப் போடாமல் உட்கார்ந்து பனியில் தரை எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன். பனியைக் கண்ணால் கண்டிராதவனுக்கு அதில் உயரம் எப்படித் தெரியும்? தரை இன்னும் பத்தடி கீழே என்று நினைக்கும்போது தொட்டிருக்கும். தொட்டாச்சு என்று நினைக்கும்போது இறக்கைக்கு அடியில் அமுங்கின காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

பக்கக் காற்று மட்டும் எனக்கு வரும். அதற்கு நன்றி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு. ஆனி, ஆடியில் வள்ளியூரிலிருந்து பைக்கில் திரும்பியவர்களுக்குத் தெரியும். முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகிற சுற்றில், வண்டியை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் நேரே போகும். ஒரு பஸ் வலப்பக்கம் முந்துகிற அந்த நொடி காற்று அறுந்துபோகும், வண்டி பஸ்ஸை நோக்கிப் போகப் பார்க்கும். கை தானாகத் திருத்தும். சர்வரில் குறுக்குக் காற்று வைத்த நாளில் மற்ற மூன்று பேரும் புல்லில் கிடந்தபோது நான் மட்டும் பாதையில் நின்றேன். நோட்டில் அந்தத் தேதிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

எரிச்சல் உச்சத்துக்குப் போனது முட்டத்துக்காரனின் அப்பாவால். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் அங்கே போயிருந்தபோது மகன் தன் கம்ப்யூட்டரில் என்னை 109 இறக்கிக் காட்டச் சொன்னான். காட்டினேன், மூக்கு குத்தியது. பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவர், "நான் ஒண்ணு பாக்கட்டா?" என்று உட்கார்ந்தார். முதல் முறை உடைந்தது. இரண்டாவது முறை இறக்கை போனது. மூன்றாவது முறை ஓடுபாதை வரை வந்துவிட்டு இறக்காமல் மேலே போனார். திரும்ப வந்தார், திரும்பப் போனார். நாலு சுற்று. நான் வேகமானியைக் காட்டி, "இருநூறு வைங்க, இருநூறு வைங்க" என்று கத்துகிறேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, கண் தூரத்துக் கோட்டிலேயே இருந்தது. ஐந்தாவது சுற்றில் பஞ்சு மாதிரி வைத்தார்.

"அலைய எண்ணாம வள்ளத்த கரைக்கு விடுவாவளா? பெரிசு போவட்டும்னு வெளிய நிக்கணும். உனக்கு வீட்டுக்குப் போற அவசரம், மனசிலாச்சா?"

எரிக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் பைலட் 487 வகை விமானங்களை ஓட்டி, கப்பல் தளத்தில் மட்டும் 2,407 முறை இறங்கியவர். அவரைப் படித்தபோதுகூட எனக்கு இவ்வளவு பொறாமை வரவில்லை.

எனக்கென்று ஒரே ஒரு பெருமை உண்டு. ஒருநாள் சக்கரத்தைக் கீழே விடவே மறந்துபோனேன். வயிற்றாலேயே பனியில் சறுக்கிக்கொண்டு போய், பாதையை விட்டு விலகி, மற்ற விமானங்கள் நிற்கிற வரிசையில் சரியாக ஓர் இடைவெளியில் போய் நின்றது. ப்ரொப்பெல்லர் வாழைப்பூ மடல் மாதிரி வளைந்திருந்தது, மற்றபடி ஒரு கீறல் இல்லை. மூன்று பேரும் அரை நிமிஷம் பேசவில்லை. பிறகு குவைத்துக்காரன் சொன்னான்: "இனிமே நீ சக்கரத்தத் தொடாதடே." மூன்று வருஷத்தில் இவ்வளவு சிரித்தது வேறு எந்தச் சாமானாலும் இல்லை.

ஆகவே மைத்துனா, வாங்காதே. விலை பாதியானாலும் வாங்காதே. தூக்கம் போகும், அக்காவிடம் நான் பேச்சு கேட்க வேண்டிவரும். நேற்றும் இரண்டு உடைத்தேன், இப்போது நல்லதாக ஒரு வார்த்தை வரவில்லை. மீறி வாங்கிவிட்டால் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வா. இறங்கும்போது மட்டும் ஓடுபாதையின் வலது ஓரமாக இறங்கு. நடுவில் நான் கிடப்பேன்.