சிவனொளிபாத மலையா, உலக முடிவா: இலங்கையில் ஒரே ஒரு விடியற்காலை கையில் இருந்தால்

புதுச்சேரிக்காரர்கள் பலருக்கும் பழக்கமான பெரிய ஏற்றம் செஞ்சியின் ராஜகிரிக் கோட்டைதான். ஏறக்குறைய 800 அடி. அதை நான்கு முறை அடுக்கி வைத்தால் என்ன உயரமோ, அவ்வளவு ஏற வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் 2024 பிப்ரவரியில் இலங்கைக்குப் புறப்பட்டோம். நான், என் மனைவி, அவளுடைய தம்பி. கையில் ஆறு நாட்கள். ஆடம்ஸ் பீக் என்றும் அழைக்கப்படும் சிவனொளிபாத மலையா, ஹோர்டன் சமவெளியில் இருக்கும் உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பா, எல்ல ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளா என்று வீட்டில் மூன்று வாரம் பேசினோம். கடைசியில் மூன்று பக்கமும் நடந்துவிட்டு வந்தோம். மறுபடி ஓர் இடத்துக்குத்தான் போகலாம் என்றால் நான் சிவனொளிபாதம் ஏறுவேன். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. லிட்டில் ஆடம்ஸ் பீக் 1,141 மீட்டர் உயரம் என்றாலும் ஊரே மேட்டில் இருப்பதால் ஏறுவது கொஞ்சம்தான். தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து, கடைசியில் சில படிகள். ஒரு மணி நேரம் போதும். எதிரே மலை இரண்டாகப் பிளந்து தெற்குச் சமவெளிக்கு வழி விடுவது அழகாகத் தெரியும். பிள்ளைகளோடு போகிறவர்கள் வேறு யோசனையே செய்ய வேண்டாம். எல்ல ராக் மலைக்கு ரயில் பாதை ஓரமாகவே நடக்க வேண்டும். நாங்கள் பாதி வழியில் மழைக்குப் பயந்து திரும்பிவிட்டோம். ஆகவே அதன் உச்சியைப் பற்றித் தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமை இல்லை.

உலக முடிவு பெரிய விஷயம். ஹோர்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் அளவில் பரந்து கிடக்கும் புல்வெளி. 1988 முதல் தேசியப் பூங்கா. 2010இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வட்டப்பாதை, பெரும்பாலும் சமதளம். வழியில் கடமான்கள் மனிதர்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருக்கும். நுழைவாயிலில் பையைத் திறந்து பார்த்து, பாலித்தீன் உறைகளை எடுத்துவிடுகிறார்கள், தண்ணீர் பாட்டிலின் லேபிளைக்கூட உரித்துவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பாதை நடுவில் நிலம் சட்டென்று அறுந்துபோகிறது. காலடியில் 870 மீட்டர் செங்குத்துப் பள்ளம். கீழே தேயிலைத் தோட்டங்கள், தெளிந்த நாளில் தெற்கே கடல்வரை தெரியும் என்பார்கள்.

நாங்கள் பார்த்தது வெள்ளைச் சுவர் மட்டும்.

தவறு எங்களுடையது. வட்டப்பாதையில் பேக்கர் அருவிப் பக்கம் முதலில் திரும்பி, அங்கே படம் எடுத்துக்கொண்டு சாவகாசமாக நடந்து, விளிம்புக்கு வந்து சேரும்போது மணி பத்தை நெருங்கியிருந்தது. அரை மணி நேரம் நின்றோம். மேகம் விலகவில்லை. முன்பே வந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் போனால் முதலில் உலக முடிவு, பிறகு அருவி. இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

இரண்டு மலைகளையும் பிரித்துக் காட்டுவது இந்த மேகம்தான். டிக்கெட், தூரம், படிகளின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகு. காலையில் வெயில் ஏற ஏறத் தெற்குத் தாழ்நிலத்தின் ஈரக்காற்று சூடாகி, அந்தச் செங்குத்துச் சுவரோடு மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மேகமாகி, விளிம்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒன்பது, பத்து மணிக்குள் இது பெரும்பாலும் நடந்துவிடும். விளிம்பில் நின்று விடியலைப் பார்ப்பது எளிதல்ல. காலையில் வாயில் திறந்த பிறகு உள்ளே போய், நான்கு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, மேகத்தை முந்த வேண்டும். நுவரெலியாவிலிருந்து வேன் வரத் தாமதமானால், வாயிலில் வரிசை நீண்டால், அன்றைய காட்சி போயிற்று.

சிவனொளிபாதத்தில் கணக்கு தலைகீழ். இரவெல்லாம் குளிர்ந்த கனமான காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்குகளில் தேங்கிவிடுகிறது. மூடுபனி அங்கே கீழேயே படுத்துக்கிடக்கும். 2,243 மீட்டரில் இருக்கும் உச்சி அதற்கு மேலே நிற்கும். உலக முடிவில் கண்ணை மறைத்த அதே பனி, இங்கே நாம் குனிந்து பார்க்கும் காட்சியாகிவிடுகிறது. எப்போது புறப்படுவது என்பதும் நம் கையில்தான். வாயில் கிடையாது, டிக்கெட் கிடையாது. உச்சியிலும் மேகம் சூழும் நாட்கள் உண்டு. நான் ஏறியது ஒரே ஒரு முறை, அன்று வானம் தெளிவாக இருந்தது. ஆனால் விடியும் நேரத்தில் அங்கே நிற்க முடிகிறது என்பதே பாதி வெற்றி.

ஹட்டன்வரை ரயிலில் போய், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணி. இரவு இரண்டு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். மார்கழிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி வைகாசிப் பௌர்ணமிவரை யாத்திரைக் காலம்; அந்த மாதங்களில் பாதை முழுக்க விளக்கு எரியும். கீழே நின்று பார்த்தால் விளக்குச் சரம் வானத்துக்குள் போவதுபோல் இருக்கும், எந்த இடத்தில் விளக்கு முடிந்து நட்சத்திரம் தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. படிகள் ஐயாயிரத்துக்கு மேல். உயரம் ஒன்றுபோல் இல்லாத படிகள். வழிநெடுகத் தேநீர்க் கடைகள். ஒரு கடையில் பிளேன் டீ ஊற்றிக் கொடுத்த தோட்டத்து அம்மா, எந்த ஊர் என்று தமிழில் கேட்டார். புதுச்சேரி என்றதும் எங்களுக்கு உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்து, கடைசிப் பகுதிதான் செங்குத்து, அங்கே அவசரப்படாமல் ஏறுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்னது சரி. கடைசி ஒரு மணி நேரம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத்தான் ஏற முடிந்தது. 14ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் ஏறிய மொராக்கோ பயணி இப்ன் பதூதா, பிடித்து ஏறுவதற்கு இரும்புச் சங்கிலிகள் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். உச்சியில் இருக்கும் பாதச் சுவடு சைவர்களுக்குச் சிவனுடையது, பௌத்தர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாருடையது என்பார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்டு ஏறும் தகப்பன்மாரையும், எழுபது வயதைத் தாண்டிய பாட்டிகளையும் பார்த்தபின் களைப்பைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே சூரியன் உதிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். சூரிய உதயத்துக்காக மட்டும் ஐயாயிரம் படி ஏற மாட்டேன். சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்க, உச்சியில் இருக்கும் கோயிலைச் சுற்றி மேற்குப் பக்கம் போய்விடுங்கள். மலையின் நிழல் துல்லியமான முக்கோணமாகக் கீழே பனியின்மேல் விழுந்து, அடிவானம்வரை நீண்டு கிடக்கும். சூரியன் ஏற ஏற அந்தக் கூர்முனை நம்மை நோக்கிச் சுருங்கி வரும். சில நிமிடங்கள்தான். என் மனைவி எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆறு நாட்களில் வேறு எதைப் பார்த்தும் அப்படி நிற்கவில்லை.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் காலை உலுக்குகிறது. அவர்கள் அதிகாலையிலேயே கிளம்பி உலக முடிவுக்குப் போகட்டும். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை இன்னும் நீளமானது, அதில் நான் நடந்ததில்லை. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் விடுமுறை. திருவண்ணாமலைக் கிரிவலக் கூட்டம் குறுகலான படியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியையும் வார இறுதியையும் தவிர்த்து வார நடுவில் போவதே நல்லது. நமக்கு மழை ஓய்ந்து பொங்கல் முடிந்த பிறகு, பிப்ரவரி பொருத்தமான மாதம். பள்ளி விடுமுறையை நம்பி மே கடைசிக்குத் தள்ளினால் யாத்திரைக் காலம் முடிந்து, தென்மேற்குப் பருவமழை அந்தச் சரிவுகளில் இறங்கியிருக்கும். உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும், தரை பனிக்கட்டிபோல் சில்லிடும். தடிமனான காலுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். ஏறும்போது ஒன்று வியர்வையில் நனைந்துவிடும்.