அப்பத்தாவுக்கு எந்த இல்லம்: வளவு வீடா, மாடிக் கட்டடமா?

அப்பத்தாவுக்காகக் காரைக்குடிப் பக்கம் இரண்டு முதியோர் இல்லங்களைப் பார்த்தோம். ஒன்று, பழைய நகரத்தார் வளவு வீட்டை, அதாவது நடுவில் திறந்த முற்றம் (வளவு) உள்ள வீட்டை, மாற்றி அமைத்தது. மற்றது லிஃப்ட் வைத்த மூன்று மாடிப் புதுக் கட்டடம். சாப்பாடு, டாக்டர் வருகை எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்குத் தீப்பிடித்தால், நடக்க முடியாத அப்பத்தாவை யார், எந்த வழியாக வெளியே கொண்டுவருவார்கள்? நான் எடைபோட்டது இதை வைத்துத்தான்.

புதுக் கட்டடத்தில் ஒயரிங் புதுசு. அறைக்கு அறை புகை உணரும் கருவி இருக்கிறது. ஆனால் ஏசிக்காக எல்லாம் அடைத்த அறைகள். மெத்தையிலோ திரையிலோ பற்றினால் புகை உள்ளேயே சுழலும். தீ சுடுவதற்கு முன் புகைதான் ஆளைச் சாய்க்கும். தீ நேரத்தில் லிஃப்டில் ஏறக்கூடாது. இருப்பது ஒரே படிக்கட்டு, ராத்திரி இரண்டே பணியாளர்கள். தீயணைப்பான் சுவரில் தொங்குகிறது. அதன் பின்னை (முள்ளை) இழுத்துவிட்டு தீயின் அடிப்பாகத்தைப் பார்த்து அடிக்க வேண்டும் என்பதை அங்கிருந்த பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மறதி உள்ளவர்கள் வெளியே போய்விடாமல் இருக்க மாடிக்கு மாடி கிரில் கதவு. சாவி கீழே வாட்ச்மேனிடம்.

அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு ஏர்வாடி நினைவு வந்தது. 2001 ஆகஸ்ட் 6, பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம். மனநல இல்லத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நம் வீட்டு மனிதரை ஒப்படைக்கும் இடத்தில் அதை எப்படி மறப்பது?

வளவு வீட்டில் எல்லாருக்கும் தரைத்தளம்தான். அறைகள் வளவைப் பார்த்துத் திறக்கின்றன. தலைக்கு மேல் வானம், புகை போக வழி உண்டு. முகப்பில் நுழைந்து நேரே நடந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இறங்குகிறது. பர்மா தேக்குத் தூண்கள் எரிந்துவிடாதா என்று அண்ணன் பயந்தார். கனத்த தேக்கு சட்டென்று பற்றாது, மேலே கரியாகி மெதுவாகத்தான் உள்ளே எரியும். பயப்பட வேண்டியது மரத்தை ஒட்டி ஓடும் பழைய ஒயருக்கும் கட்டிலடியில் வைக்கும் கொசுவத்திக்கும். அப்புறம் நிலைப்படி: சக்கர நாற்காலி ஏறாது. பின்வாசலிலும் பூட்டு, அதன் முன்னால் உடைந்த கட்டில்கள்.

ஆனாலும் வளவு வீட்டையே சொல்லியிருக்கிறேன். அதன் குறைகளை ஒரு மாதத்தில் சரிசெய்யலாம்; மாடியைக் கீழே இறக்க முடியாது. புதுக் கட்டடத்தில் தரைத்தள அறை கிடைத்திருந்தால் யோசித்திருப்பேன்.

கட்டில்களை அகற்றிவிட்டார்கள். பின்வாசலில் பூட்டுக்குப் பதில் உள்தாழ் போட்டாயிற்று. நிலைப்படிக்குச் சாய்வுப் பலகை செய்ய ஆசாரி அளவெடுத்துப் போயிருக்கிறார். ஒயரிங் முடிந்த பிறகுதான் அப்பத்தாவை அழைத்துப் போவோம்.