ஒரே பில்லில் நாலு நம்பர்: குடும்ப போஸ்ட்பெய்டு யாருக்கு லாபம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒரே சிம்மில் இரண்டு நம்பர் அடிக்கும் வசதி நம் ஊர் கம்பெனிகளின் சாதாரணத் திட்டங்களில் இல்லை. கடைக்காரர்கள் “ஒரே பிளான்ல நாலு நம்பர்” என்று விற்பது குடும்ப போஸ்ட்பெய்டைத்தான். சிம் தனித்தனி, நம்பரும் தனித்தனி. பில் மட்டும் ஒன்று. ஆப்பிள் வாட்ச்சில் போன் நம்பரே அடிப்பது இதற்கு நேர் தலைகீழ்: நம்பர் ஒன்று, கருவி இரண்டு.

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். கடை போர்டில் போட்ட நம்பர், முதலாளி நம்பர், வீட்டம்மா, பாட்டி என்று நாலு. 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு ஜியோவின் குடும்பத் திட்டம் 449 ரூபாய். கூடுதல் சிம் ஒவ்வொன்றுக்கும் 150, மூன்று வரை சேர்க்கலாம். ஆக 899. சிம் விற்பவர் சொல்லும் விலையில் சேராதது 18 சதவீத ஜிஎஸ்டி. அதையும் சேர்த்தால் மாதம் 1,061, வருடத்துக்கு 12,730 சுமார். அதே விலையேற்றத்துக்குப் பிறகு ஏர்டெல்லில் நாலு இணைப்புக்கான 1,199 திட்டம் வரியோடு 1,415 ஆகிறது.

ப்ரீபெய்டு விலையில் வரி ஏற்கெனவே அடக்கம். ஆனால் 28 நாள் என்பதால் வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். நாலு பேருக்கும் 299 போட்டால் 15,548. அதாவது குடும்ப பில்லில் 2,800 ரூபாய் மிச்சம். இந்தக் கணக்கைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

பாட்டிக்கு எதற்கு 299? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவால் 2025 ஜனவரியில் டேட்டா இல்லாத பேச்சு-எஸ்எம்எஸ் பேக்குகள் வந்தன. ஏர்டெல்லில் 1,849 ரூபாய்க்கு 365 நாள், 3,600 எஸ்எம்எஸ். மாதத்துக்கு 154தான். குடும்ப பில்லின் 150 ரூபாய் சிம்மே வரியோடு 177. பாட்டிக்கும் போர்டு நம்பருக்கும் இந்தப் பேக், மற்ற இருவருக்கும் 299 என்று பிரித்தால் வருடம் 11,472. குடும்ப பில்லைவிட 1,250 ரூபாய்க்கு மேல் குறைவு. ஓடிபிக்கும் பேச்சுக்கும் மட்டும் உயிரோடு இருக்கும் நம்பரைக் குடும்ப பில்லில் ஏற்றுவது வீண்செலவு. கடை நம்பரில் வாட்ஸ்அப் ஓடினாலும் கடை வைஃபை இருந்தால் போதும்.

டேட்டாவையும் பார்க்க வேண்டும். ஜியோ குடும்பத் திட்டத்தில் முதல் நம்பருக்கு 75 ஜிபி, சேர்க்கும் சிம்முக்கு மாதம் 5 ஜிபிதான். தினமும் ரயிலில் வீடியோ பார்த்துக்கொண்டு போகும் காலேஜ் பையனுக்கு 5 ஜிபி ஒரு வாரம் தாங்காது. அவனைத் தனி ப்ரீபெய்டில் விடுவதே மேல்.

பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. பில் கட்டத் தவறினால் நாலு நம்பரும் ஒன்றாக முடங்கும். ஆட்டோபேயில் இருக்கும் கார்டு காலாவதியானால் போதும், போர்டு நம்பரிலிருந்து பாட்டி நம்பர் வரை யாரும் போன் போட முடியாது. நாலும் ஒரே கம்பெனி என்பது இன்னொரு பலவீனம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் கரண்ட் போனதோடு பல டவர்களும் படுத்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டில் ஒரு நம்பராவது வேறு கம்பெனியில் இருக்கட்டும்.

சேரும் முன் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒவ்வொரு சிம்மும் யார் பெயரில் பதிவாகும்? எல்லாம் அப்பா பெயரில் போனால், ஒருவர் பெயரில் 9 சிம் என்ற வரம்பு சீக்கிரம் நெருங்கும். பழைய டாங்கிள் சிம்மும் கணக்கில் வரும். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி வரம்பு தாண்டினால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 2 லட்சம் வரை. உங்கள் பெயரில் எத்தனை ஓடுகிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஓடிபி போட்டுப் பார்க்கலாம்; தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகாரும் செய்யலாம். துறைமுக டிரெய்லர் வைத்திருப்பவர்கள் டிரைவருக்கு சிம் கொடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். டிரைவர் மாறினாலும் பொறுப்பு உங்கள் பெயரில்தான்.

நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போக நினைத்தால், போர்ட் (PORT) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, பத்து இலக்க நம்பரைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ். வரும் கோடு தமிழ்நாட்டில் 4 நாள் செல்லும். கெடு தாண்டிய பில் பாக்கி இருந்தாலும், அந்தக் கம்பெனியில் 90 நாள் ஆகாவிட்டாலும், சிம் மாற்றி 7 நாள் ஆகாவிட்டாலும் கோடு வராது. பாக்கியை முதலில் அடைத்துவிடுங்கள், பிறகு எஸ்எம்எஸ்.

ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர்தான் தேவை என்றால் குடும்ப பில் பக்கமே போக வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் சிம், போனுக்குள்ளேயே பதிவாகும் ஒரு இ-சிம் போதும். *#06# அடித்தால் இஐடி என்ற 32 இலக்க எண் தெரிந்தால் உங்கள் போன் இ-சிம் எடுக்கும். எது எதில் என்பதில் கவனம் வேண்டும். பேங்க் நம்பரை பிளாஸ்டிக்கில் வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தால் சிம்மைப் பிடுங்கி வேறு போனில் போட்டு அடுத்த நிமிடம் ஓடிபி வாங்கலாம். இ-சிம் என்றால் புதிதாக வாங்க வேண்டும். சிம் மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் முடக்கப்படும், ஓடிபியும் வராது. பிளாஸ்டிக்கில் திருட்டு பயம் உண்டு, அதற்கு செட்டிங்ஸில் சிம் பின் போடுங்கள். மூன்று முறை தப்பாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் பக் (PUK) கோடு கேட்கும். அந்தக் கோடையும் பத்து முறை தப்பாக அடித்தால் அந்த சிம் குப்பைக்குத்தான்.

இரண்டு சிம் போனில் எல்லாரும் சொல்லும் குறை: ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதைக் கூப்பிடுபவருக்கு “தொடர்பு எல்லைக்கு வெளியே” என்று வருகிறது. சிம்மில் கோளாறு இல்லை. பெரும்பாலான போன்களில் இரண்டு சிம்முக்கும் சிக்னல் பிடிக்கும் ரேடியோ ஒன்றுதான். ஒன்று பேச்சில் இருந்தால் மற்றதுக்கு அழைப்பு வந்து சேராது. டயலர் செட்டிங்ஸில் இரண்டாவது சிம்முக்குள் போய், கால் ஃபார்வர்டிங்கில் “கிடைக்காதபோது” என்பதில் முதல் நம்பரைப் போடுங்கள். முதல் சிம்மில் கால் வெயிட்டிங்கும் ஆன் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டாவது அழைப்பு காதில் டிங் என்று கேட்கும். இதை டயலர் செட்டிங்ஸிலேயே செய்யுங்கள். *401# அடித்து அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பும் சேவை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தப்பட்டது. யாராவது போன் செய்து அதை அடிக்கச் சொன்னால் அது மோசடி அழைப்பு.